பற்றரிக்கு விட்ட தண்ணீர்

எங்கள் ஒழுங்கையில் மின்கம்பங்கள் மூன்று வளவுகளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டன. அதற்கு இப்பால் இருப்பது எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் காடு. கம்பம் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் என் கணவர் பொறுமையிழந்து குசினிக் கூரையின்மேல் இரண்டு சோலர் தகடுகளைப் பூட்டினார். முன்னறை மூலையில் ஒரு மரப்பெட்டியின்மேல் லொறிப் பற்றரி ஒன்றை வைத்தார். பகலில் தகடுகள் பற்றரிக்குக் கொடுக்கும். இருட்டியதும் பற்றரி எங்களுக்குக் கொடுக்கும். மூன்று பல்புகள், ஒரு சிறிய மின்விசிறி, இரண்டு போன்கள். சுவரில் பூட்டிய சின்னப் பெட்டியில் பச்சை வெளிச்சம் வந்தால் பற்றரி நிறைந்துவிட்டது. சிவப்பு வந்தால் வெறுமையாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அவர் போன வருடத்துக்கு முந்தின வருடம் சிறுநீரக நோயில் இறந்துபோனார். எங்கள் பகுதியில் இதைச் சொன்னால் மேலதிக விளக்கம் யாரும் கேட்பதில்லை. "கிட்னியோ?" என்பார்கள், பிறகு நிலத்தைப் பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்து என்று சிலர். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்ததுதான் என்று இன்னும் சிலர். எது என்று எனக்கு எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதாயிற்று. உப்பை, அலுமினியச் சட்டியை, சந்தையில் பளபளவென்று கிடக்கும் கத்தரிக்காயை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரை. எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு மகள். பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுக்கு அந்த நோய் வரக்கூடாது. காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது இந்த எண்ணந்தான். பல் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

சந்தியடியில் பில்டர் தண்ணீர்க் கொட்டில் ஒன்று இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை மெசினுக்குள் விட்டு, அதிலுள்ள உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் பிரித்துத் தருகிறார்கள். நோயாளி இருந்த வீடு என்பதால் எங்களிடம் அங்கே காசு வாங்குவதில்லை. எங்களிடம் இரண்டு நீலக் கான்கள். ஒன்று வீட்டில் இருக்க, மற்றதை மகள் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், ரியூசன் முடிந்து வரும்போது அங்கே நிரப்பி வருவாள். குடிப்பதற்கும் சோறு காய்ச்சுவதற்கும் அந்தத் தண்ணீர்தான்.

பற்றரிக்கும் அதுதான். இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். பற்றரிக்கென்று போத்தலில் அடைத்த தண்ணீர் கடையில் இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கிளினிக்கில் டொக்டர் "இனிப் பில்டர் தண்ணி மட்டுந்தான்" என்று சொன்ன நாளிலிருந்து என் கணவருக்கு உலகத்திலேயே சுத்தமான பொருள் அந்தத் தண்ணீர்தான் என்று ஆகிவிட்டது. "மனிசருக்கு நல்லதெண்டால் பற்றரிக்குக் கூடாதோ? போத்தலுக்குள்ள கடைக்காரன் எதை நிரப்பி வைச்சிருக்கிறானோ, ஆர் கண்டது? இது எங்கட கண்ணுக்கு முன்னால வாறது" என்று சொல்லி, பற்றரியின் ஆறு மூடிகளையும் கழற்றி, உள்ளே இருக்கிற ஈயத் தகடுகள் மூழ்கும்வரை புனலால் விடுவார். எங்கள் கிராமத்தில் நோய் வந்த வீடுகள் பலவற்றில் இப்படித்தான் செய்கிறார்கள். அவர் போன பிறகு நானும் அப்படியே செய்து வந்தேன்.

இந்த வருடம் சித்திரை வெயில் தொடங்கியபோது பற்றரி பிழைக்கத் தொடங்கியது. பகல் பத்து மணிக்கெல்லாம் பச்சை வந்துவிடும். முன்பெல்லாம் மத்தியானம் வரை ஆகும். இவ்வளவு கெதியாக நிறைகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் காலையில் எழும்பினால் மின்விசிறி நின்றிருக்கும். பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும். மகள் வேர்த்து நனைந்த கழுத்தோடு எழும்பி வருவாள்.

நான் முதலில் சந்தேகப்பட்டது அவளைத்தான். நான் படுத்த பிறகு போனைப் பற்றரியில் கொழுவி வைத்துக்கொண்டு யாரோடோ கதைக்கிறாள் என்று நினைத்தேன். பதினாறு வயது. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் சார்ஜர் வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"உங்களுக்கு விசரே அம்மா?" என்றாள்.

"பற்றரி ஏன் இறங்குது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? பற்றரியைக் கேளுங்கோ."

சார்ஜர் அலுமாரிக்குள் இருந்த நாட்களிலும் மின்விசிறி நின்றது. அவளிடம் அதை நான் சொல்லவில்லை. வயரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு முன்பள்ளிக்குப் போனேன். நான் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். என்னை ஊரில் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள்.

பிறகு பற்றரியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பற்றரிக் கடைக்குப் போனேன். புறப்படுமுன் அதன் அடிப்பக்கத்தில் ஒரு ஆணியால் மூன்று கோடுகளும் ஒரு புள்ளியும் கீறினேன். வன்னியில் பற்றரியைச் சார்ஜுக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஏதாவதொரு அடையாளம் கீறித்தான் கொடுப்பார்கள். யுத்தத்தின்போது வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள். பற்றரி என்ற ஒன்றை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வர எங்களுக்கு மனம் வராது. திரும்பி வரும்போது அது வேறொன்றாக வரும் என்றே நினைப்போம்.

கடைக்காரர் என்னைவிட இளையவர், வாய் ஓயாதவர். பற்றரியைச் சரித்துப் பார்த்தார்.

"இதென்னக்கா, கோலமே? முதலே நாலு அடையாளம் கிடக்கு. இன்னும் கீறினால் ஓட்டை விழுந்து அசிட் வெளியில வந்திடும்."

"அது பழசு. அவர் கீறினது."

"நான் மாத்திப்போடுவன் எண்டு பயம், என்ன? இந்தச் செத்த பற்றரியை மாத்தி வைச்சு நான் என்ன செய்ய? மியூசியத்துக்குக் குடுக்கவே?"

ஒரு கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு குழியிலிருந்தும் அசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே மிதக்கும் சின்னத் துண்டு எழும்புகிறதா தாழ்கிறதா என்று கவனித்தார். முதல் மூன்று குழிகளுக்கும் தலையை ஆட்டினார். மற்றவற்றுக்கு உதட்டைப் பிதுக்கினார்.

"உதுக்கு ஆர் தண்ணி விடுறது?"

"நான்தான்."

"என்ன தண்ணி?"

"பில்டர் தண்ணி."

அவர் ஓட்டோக்காரனைக் கூப்பிட்டார். "கேட்டியே? பற்றரிக்குப் பில்டர் தண்ணியாம். எங்கட வீட்டில மாமியாருக்கே கிணத்துத் தண்ணிதான்."

"உன்ர மாமியாருக்கெண்டால் நீ கடல் தண்ணியும் குடுப்பாய்" என்றான் ஓட்டோக்காரன்.

சிரித்து முடித்த பிறகு கடைக்காரர் டோர்ச் அடித்து உள்ளே காட்டினார். தகடுகளின் மேல்விளிம்பில் வெள்ளையாக, பல்லில் காவி படிவதுபோல, ஏதோ படிந்திருந்தது.

"பில்டர் தண்ணி அவசரத்துக்கு விடலாம், பிழையில்லை. ஆனால் பில்டர் தண்ணியெண்டால் இப்பிடி வராது. இது கல்லுத் தண்ணி, அக்கா. சுத்தக் கிணத்துத் தண்ணி."

"பில்டர் தண்ணிதான். என்ர பிள்ளை தன்ர கையால கொண்டுவாறது."

"அப்ப பில்டர்காரனைப் பிடிச்சுக் கேளுங்கோ. இல்லாட்டி இதை விட்டிட்டுப் புதுசு ஒண்டு கொண்டு போங்கோ. வாரண்டியோட தாறன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. புதியதை விற்க வேண்டுமென்றால் பழையதில் ஏதாவது குறை சொல்லத்தானே வேண்டும். சார்ஜுக்கு மட்டும் வைக்கச் சொல்லிப் பற்றரியை அங்கே விட்டேன். அவர் ஒரு போத்தல் பற்றரித் தண்ணீரைக் கையில் திணித்தார். "இதையாவது கொண்டுபோய் வையுங்கோ" என்றார்.

ஓட்டோ திரும்பி வரும்போது உடையார்கட்டுக் குளத்துக் காற்று முகத்தில் அடித்தது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. அவர் பொய் சொல்லாவிட்டால்? பற்றரிக்குள் போன அதே தண்ணீரைத்தானே பிள்ளையும் குடிக்கிறாள். பற்றரிக்கு மூடி இருக்கிறது. கழற்றி டோர்ச் அடித்துப் பார்க்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அவள் ரியூசனுக்குப் போன பிறகு குசினிக்கு வெளியே கதிரையைப் போட்டு ஏறினேன். கூரை பதிவானது, கதிரையில் நின்றால் சோலர் தகடு கைக்கெட்டும். முன்பொருமுறை தகட்டைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவிவிட்டு அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். காய்ந்ததும் கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்து, அவர் புளி தேய்த்துக் கழுவ வேண்டி வந்தது. அந்த ஞாபகத்தில்தான் இதைச் செய்தேன். கரண்டியால் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துத் தகட்டின் இடது மூலையில் விட்டேன். நடுவில் வீட்டில் இருந்த நீலக் கானின் தண்ணீர் ஒரு சொட்டு. வலப்பக்கம் கடைக்காரர் தந்த போத்தல் தண்ணீர் ஒரு சொட்டு. மூன்றும் கறுத்த கண்ணாடியில் ஒரேமாதிரி மின்னின. இறங்கிப்போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்து மறுபடியும் ஏறினேன். அந்த வெயிலுக்கு அவ்வளவு நேரம் போதும்.

வலப்பக்கம் ஒன்றுமில்லை. எங்கே சொட்டு விட்டேன் என்பதே தெரியவில்லை. இடது மூலையில் தெளிவான வெள்ளை வட்டம். நடுவிலும் வெள்ளை வட்டம். நகத்தால் சுரண்டினேன். இரண்டும் ஒரேமாதிரி மாவாக வந்தன.

கானில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு என் பழைய சைக்கிளை எடுத்தேன். வழி நெடுக என் மனம் முழுவதும் அந்தப் பில்டர்காரர்மேல் இருந்தது. மெசின் பழுதாகி எத்தனை மாதமோ, அதை மறைத்துக் கிணற்றுத் தண்ணீரையே குழாயில் விடுகிறார், ஊரே குடிக்கிறது, என் பிள்ளை குடிக்கிறாள். ஏற்கெனவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மாசியில் அவரிடம் போய் உள்ளே இருக்கிற பில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டிருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவரை நான் வேறொரு விஷயத்துக்கு நம்பித்தான் இருந்தேன். சந்தியடியில் வேலையில்லாமல் நிற்கும் பையன்கள் அதிகம். மகள் அங்கே வந்தால் யாரோடு நின்று கதைக்கிறாள் என்று பார்த்து எனக்கு ஒரு போன் கோல் எடுக்கும்படி தை மாதமே சொல்லியிருந்தேன். தொடக்கத்தில் இரண்டு மூன்று தடவை எடுத்தார். பிறகு அழைப்பில்லை. அழைப்பு இல்லையென்றால் பிள்ளையில் பிழையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கொட்டிலில் நாலைந்து பேர் கான்களோடு நின்றார்கள். பில்டர்காரர் குழாயைத் திருப்பிவிட்டுக் குந்தியிருந்தார். மலையகத்திலிருந்து சிறுபிள்ளையாகத் தகப்பனோடு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். எங்களோடு கதைக்கும்போது எங்களைப்போலவே கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்.

"அண்ணை, இதின்ர பில்டர் எப்ப மாத்தினது?"

"திரும்பவுமா டீச்சர்?" அவர் நிமிரவில்லை. "மாசியிலயும் இதைத்தான் கேட்டீங்க."

"இப்பவும் கேக்கிறன். இந்தத் தண்ணியைப் பாருங்கோ. பற்றரியெல்லாம் கல்லுப் பிடிச்சுப் போச்சு."

"எந்தத் தண்ணி?"

"உங்கட தண்ணிதான்."

"என் தண்ணி உங்க வீட்டுக்கு எப்படி வந்திச்சு? றெக்கை கட்டிப் பறந்து வந்திச்சா?"

வரிசையில் நின்ற ஒரு பெண் சிரித்தாள். "டீச்சரைத்தான் கன நாளாக் காணேல்ல. சோலரில கறண்ட் எடுக்கிறமாதிரித் தண்ணியும் எடுக்கிறாவாக்கும் எண்டு நாங்கள் நினைச்சம்."

"என்ர மகள் ஒவ்வொரு நாளும் வாறவள்" என்றேன்.

அவர் குழாயைப் பூட்டினார். எழும்பி நின்று என்னைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு இந்தப் பக்கம் வந்து மூணு மாசமாச்சு. அதுதான் வந்து சொல்லிச்சு. அம்மாவுக்கு உங்க தண்ணியில நம்பிக்கை இல்லையாம், இனிமே வேற எடத்துல எடுக்கப் போறோம்னு. சரிம்மா, போயிட்டு வான்னு அனுப்பிட்டேன்."

"எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

"எதுக்கு? நம்பலைன்னு சொல்லி அனுப்பினதுக்கு நான் போன் போட்டு நன்றி சொல்லணுமா?"

"அவள் சொன்னதும் நம்பிட்டீங்களோ?"

"உங்களைத் தெரிஞ்சவன் நம்பாம இருப்பானா டீச்சர்?"

அந்தப் பெண் தன் கானின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பூட்டினாள். நான் கொண்டுபோன போத்தலைச் சைக்கிள் கூடைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மகள் வந்தபோது படலையடியிலேயே நின்றேன். கரியரில் நீலக் கான் நிறைந்திருந்தது.

"எங்கால தண்ணி?"

"பில்டரடியில."

"அங்கயிருந்துதான் நானும் வாறன்."

அவள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு கால் பெடலில், ஒரு கால் நிலத்தில்.

"ரியூசன் வீட்டுக் குழாய்க்கிணறு" என்றாள்.

"ஏன்?"

"அந்தப் பில்டர் மாமாட்ட என்னைப் பாக்கச் சொன்னது நீங்கள்தானே? நான் ஆரோட கதைச்சனான், எவ்வளவு நேரம் நிண்டனான், எல்லாம் சொல்லச் சொல்லி. அவர் மனசுக்குள்ள வைச்சிருந்தாலும் பறவாயில்லை. வரிசையில நிக்கிற எல்லாருக்கும் முன்னால, 'பாத்தும்மா, அம்மா போன் போடச் சொல்லியிருக்காங்க' எண்டு சொல்லிச் சிரிக்கிறார். என்ர வகுப்புப் பெடியள் எல்லாம் நிக்கிறாங்கள். அதுக்குப் பிறகு என்னெண்டு அங்க போறது?"

"அதுக்காகக் கிணத்துத் தண்ணியோ? அப்பாக்கு நடந்ததைப் பாத்த பிறகும்?"

"ரியூசன் வீட்டில எல்லாரும் அதைத்தானே குடிக்கினம். நல்ல இனிப்புத் தண்ணி. அவைக்கு ஒண்டும் வரேல்லத்தானே."

"வந்த பிறகுதான் தெரியும்! அப்பாக்கும் வந்த பிறகுதான் தெரிஞ்சது!"

இதை நான் கத்தித்தான் சொன்னேன். அவள் முகம் மாறியது. கானின் கயிற்றை அவிழ்க்கப்போன கை அப்படியே நின்றது.

"அம்மா, எனக்கு ஏதும் வந்திருக்குமோ?"

"இல்லை" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அவள் இறங்கினாள். கானில் இருந்ததை இரண்டுபேருமாகச் சேர்ந்து வாழைக்கு ஊற்றினோம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் கணவரோடு எத்தனையோ தடவை காத்திருந்த அதே மர வாங்கு, அதே பச்சைச் சுவர். மகள் சிறுநீர்க் குப்பியோடு வந்தாள். அதில் ஒட்டிய துண்டில் அவள் பெயர்தானா என்று பார்த்தேன். இரத்தம் எடுத்த குழாயிலும் பார்த்தேன். தாதி என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா, மாறிப்போகும் எண்டு யோசிக்கிறீங்களோ?"

"மாறுறது தானே."

"இஞ்ச மாறாது."

மாறாது என்று சொல்கிறவர்களைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பது. குழாய் தட்டில் வைக்கப்பட்டு உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவு சொன்ன டொக்டர் சின்னப் பெண். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

"மூண்டு மாசம் குடிச்சிருக்கிறாள், டொக்டர்."

"ஓம். ஆனா மூண்டு மாசத்தில இப்பிடி வாற வருத்தமில்லை இது. இனிப் பில்டர் தண்ணியே குடுங்கோ. வருசத்துக்கு ஒருக்கா வந்து செக் பண்ணுங்கோ."

"திரும்ப ஒருக்கா எடுத்துப் பாக்கலாமோ?"

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பதில் சொல்லுமுன் மகள் சொன்னாள்:

"அம்மாக்கு எடுங்கோ, டொக்டர். அவாவும் அதே தண்ணியைத்தான் குடிச்சவா."

அந்த மூன்று நாட்களில் என்னைப் பற்றி எனக்கு ஒருதடவைகூட யோசனை வரவில்லை. அவள் யோசித்திருக்கிறாள். அன்றைக்கே எடுத்தார்கள். இம்முறை குழாயில் ஒட்டிய பெயரைக் குனிந்து வாசித்தது அவள். சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை, பிரஷர்தான் கூடுதலாக இருக்கிறது என்று வந்தது. "அது தண்ணியால இல்லை, யோசனையால" என்று டொக்டர் சொன்னபோது மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியில் வந்த பிறகுதான் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சிரிக்கிறாளே என்று ஆறுதலாக இருந்தது.

சார்ஜுக்கு வைத்தும் பழைய பற்றரி தேறவில்லை. கடைக்காரரே புதியதைக் கொண்டுவந்து பூட்டினார். போத்தல் தண்ணீரும் கூடவே கொண்டுவந்தார். வயரை முறுக்கிவிட்டு வெளியே போய்க் கூரையைப் பார்த்தவர், அங்கேயே நின்று கூப்பிட்டார்.

"அக்கா, இந்த வேப்பங் கொப்பு எப்ப இப்பிடி வளந்தது?"

வேம்பின் ஒரு கிளை தகட்டுக்கு மேலே நீண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு இரண்டாவது தகட்டில் முக்கால்வாசி நிழல். என் கணவர் இருந்தபோது மாரிக்கு முன் வெட்டிவிடுவார். நான் அதைக் கவனித்ததில்லை.

"ஒழுங்கா நிறையாமல் கன நாள் கிடந்தாலும் பற்றரிக்குள்ள தகடு வெள்ளை பிடிக்கும்" என்றார் கடைக்காரர், சாதாரணமாக.

"அண்டைக்குக் கிணத்துத் தண்ணி எண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்களே?"

"தண்ணியும் இருக்கலாம், நிழலும் இருக்கலாம். இரண்டும் வெள்ளைதானே. அப்ப எனக்குத் தண்ணி எண்டுதான் பட்டது."

அவரை என்ன செய்வது? அவர் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டிராவிட்டால் பிள்ளை இன்றைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரோடுதான் வந்துகொண்டிருப்பாள். கிளையை அவரே ஏறி வெட்டினார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். "இது எந்தத் தண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

பில்டர்காரரிடம் போவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் குறைவு. வாய் திறந்து சொன்னால் கேட்பவருக்கும் கூச்சம். ஆகவே கானோடு போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கானை வைப்பதற்கு முன் கைகளைக் குவித்துக் குழாயின் கீழ் நீட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால் குனிந்து குடித்தேன்.

"பாத்துக் குடிங்க டீச்சர். வெசம் கிசம் இருக்கப் போவுது."

"இருந்தால் உங்களுக்குத்தான் கேஸ்" என்றேன். அவர் கானை இழுத்துக் குழாயடியில் வைத்தார். நிரம்பிய பிறகு, "பிள்ளை வந்தால் இனி எனக்குக் கோல் எடுக்க வேண்டாம், அண்ணை" என்றேன்.

"நெசமாவா?"

"ஓம்."

"அப்ப யாருகிட்டச் சொல்லியிருக்கீங்க?"

"ஆரிட்டையும் இல்லை."

அவர் அதை நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது.

மகளிடம் அன்று பின்னேரம் இதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த நாள் ரியூசனுக்குக் கானோடு போனாள். வழமையாக வரும் நேரம் வந்தது, போயிற்று. முன்னறையில் இருந்தேன். போன் மடியில் இருந்தது. பில்டர்காரரின் இலக்கம் எனக்கு மனப்பாடம். சந்தியில் பேருந்து வழிமறித்து நின்றிருக்கலாம், சைக்கிளுக்குக் காற்றுப் போயிருக்கலாம், வரிசை நீண்டிருக்கலாம். அவள் திரும்பவும் அந்தக் குழாய்க்கிணற்றுக்குப் போயிருக்கலாம். போனைக் கொண்டுபோய் மற்ற அறையில் வைத்துவிட்டு வந்தேன். வந்து இருக்கவும் முடியவில்லை, வாசலைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினேன்.

படலை திறந்தது. கான் நிறையத் தண்ணீர். அவள் அதைத் தூக்கிவந்து குசினிக்குள் வைத்தாள். பாவாடையின் ஓரம் நனைந்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. உதடுகள் மட்டும் ஐஸ்பழச் சாயத்தில் செக்கச்செவேல் என்று இருந்தன. பில்டர் கொட்டிலில் ஐஸ்பழம் விற்பதில்லை. ஐஸ்பழ வண்டி நிற்பது சந்தியின் மற்றப் பக்கம், விளையாட்டு மைதானத்து மதிலடியில்.

ஒரு குவளை தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் குடித்தாள். குவளையின் விளிம்பில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியது. யாரோடு என்ற கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. குவளையை அவளிடமிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.